கடலுக்கு இந்தப் பக்கமும் ஆட்கள் இருக்கிறோம்

பெறுநர்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஐதராபாத், பொதுக் காப்பீட்டு மன்றம், மும்பை, மருத்துவக் காப்பீடு விற்கும் எல்லா நிறுவனங்களும்.

வணக்கம்.

"போர்ட் பிளேருக்குப் பக்கத்துல பெரிய சிட்டி எது சார்?" என்று கேட்டார் அந்தப் பெண். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கால் சென்டரிலிருந்து, நல்ல தமிழில்.

"சென்னைம்மா."

"எவ்வளவு தூரம் சார்?"

"ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் வரும்."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ரோடு வழியாவா சார்?"

சிரித்துவிட்டேன். ஒரு நொடி கழித்து அவரும் சிரித்தார். அந்தப் பிள்ளைமேல் தப்பில்லை. அவர் முன்னால் இருந்த கம்ப்யூட்டருக்குத் தூரம் என்றால் ரோடுதான். இந்த மடல் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் விதிகளைப் பற்றியது.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் இருபத்து நாலு வருடம் வேலை. 49 வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். பெரிய பணக்காரனாகி வாங்கவில்லை. கடன் இல்லை, மகள் வேலைக்குப் போய்விட்டாள், மாதம் இவ்வளவு இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டு வாங்கினேன். மாமனார் எழுபதுகளில் கப்பலேறி அந்தமானுக்கு வேலைக்கு வந்தவர். மனைவி பிறந்து வளர்ந்தது இங்கேதான். மச்சான் வீட்டு மாடி காலியாக இருந்தது. ஊர்ப் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். அபர்தீன் பஜாரில் தமிழிலேயே காய் வாங்கலாம், பங்குனி உத்திரத்துக்குக் காவடி பார்க்கலாம். எனக்குச் சர்க்கரை உண்டு, கொஞ்சம் பிரஷரும் உண்டு. இரண்டும் மாத்திரையில் அடங்கிக் கிடக்கின்றன.

வேலையில் இருந்தவரை காப்பீடு என்பது கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டு மாதிரி. கம்பெனியின் குரூப் பாலிசி. முதல் நாளிலிருந்தே எல்லா நோயும் சேர்த்தி; ஏற்கனவே இருக்கும் நோய்க்கு இத்தனை வருடம் கழித்துத்தான் பணம் என்னும் காத்திருப்பு கிடையாது. கடைசி நாள் மாலை கார்டைக் கழற்றிக் கொடுத்தபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. குரூப்பிலிருந்து வெளியேறுகிறவர் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறலாம், ஏற்கனவே கழித்த காலம் காத்திருப்புக் கணக்கில் சேரும் என்று உங்கள் விதி சொல்கிறது. நல்ல விதி. ஆனால் எனக்குக் கொடுத்த முப்பது பக்கப் பிரிவுக் காகிதங்களில் பி.எஃப். இருந்தது, கிராஜுவிட்டி இருந்தது, லேப்டாப் சார்ஜரைத் திருப்பித் தரச் சொல்லும் படிவம்கூட இருந்தது. இது மட்டும் இல்லை. எனக்கு வேறு வழியில் தெரிந்து ஓடிப்போய்ப் பிடித்தேன். தெரியாதவருக்குச் சர்க்கரைக்கு மூன்று வருடம் காத்திருப்பு.

அதற்கு முன் அது நாலு வருடமாக இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் நீங்கள்தான் மூன்றாகக் குறைத்தீர்கள். ஐந்து வருடம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம், மோசடி என்று நிரூபித்தால் தவிர, அதை மறைத்தாய் இதை மறைத்தாய் என்று கம்பெனி கிளறக் கூடாது என்றீர்கள்; முன்பு அது எட்டு வருடம். கேஷ்லெஸ் அனுமதிக்கு, அதாவது பில்லை நிறுவனமே நேராக மருத்துவமனைக்குக் கட்ட ஒப்புக்கொள்வதற்கு, ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்று கெடு வைத்தீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் போய்விட்டது, அது உங்கள் கையில் இல்லை என்றாலும் புண்ணியம் யாருக்கோ சேரட்டும். ஆகவே இது வசைக் கடிதம் அல்ல. இத்தனை செய்தவர்களுக்கு எங்கள் ஊர் மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்பதுதான் கேள்வி.

இங்கே ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். 836 தீவு, திட்டு, பாறைகளில் நிரந்தரமாக ஆள் வசிப்பவை 31. அத்தனைக்கும் கடைசிப் புகலிடம் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை. ஹேவ்லாக்கிலோ நீல் தீவிலோ இருப்பவர் போட் பிடித்து வர வேண்டும். நிக்கோபார்க்காரர் என்றால் கப்பல் அல்லது ஹெலிகாப்டர். ஜி.பி. பந்த்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள், நன்றாகவே பார்க்கிறார்கள். அங்கே முடியாததற்குத்தான் 'ரெஃபர்'. இந்த ஊரில் அது ஆங்கிலச் சொல்லே அல்ல. "அவருக்கு ரெஃபர் ஆயிடுச்சு" என்று காய்காரம்மா சொன்னால், கேட்டவர் அடுத்துக் கேட்பது "டிக்கெட் கிடைச்சதா?" என்றுதான். சென்னைக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம், கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள். மழைக்காலத்தில் விமானம் வந்து, தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, இறங்காமலே திரும்பிப் போன நாட்களும் உண்டு.

ஆக, எங்களுக்கு இன்ஷூரன்ஸ் தேவைப்படும் நோய் என்றாலே அது கடல் தாண்டும் நோய். உங்கள் பாலிசிகளோ, ஆஸ்பத்திரி வீட்டுத் தெருவின் முனையில் இருக்கிறது என்று நினைத்து எழுதப்பட்டவை.

பக்கத்து வீட்டு அண்ணன் கதையைச் சொன்னால் விளங்கும். கட்டட வேலைக்குச் சித்தாளாக வந்து காண்ட்ராக்டர் ஆனவர், வயது 58. மகன் வற்புறுத்தி மூன்று வருடத்துக்கு முன் பாலிசி எடுத்தார்கள். போன வருடம் இதய வால்வு ஒன்று சரியாக மூடவில்லை, மாற்ற வேண்டும் என்று ரெஃபர் ஆனது. மூச்சு வாங்கியதால் உட்கார்ந்து போக முடியாது, ஸ்ட்ரெச்சர். பயணிகள் விமானத்தில் ஸ்ட்ரெச்சர் என்றால் பல இருக்கைகளை மடக்கி அதன்மேல் பொருத்துவார்கள், அத்தனைக்கும் கட்டணம். கூட ஒரு நர்ஸ், ஆக்சிஜன், அண்ணி. சென்னையில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருத்துவமனை பில் 4,20,000 ரூபாய்.

செட்டில்மென்ட் கடிதத்தை அண்ணி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க." மூன்று பத்திகள்: கேட்ட தொகை, கழித்த தொகை, காரணம். ஆம்புலன்ஸ் என்ற வரியில் 2,000 ரூபாய் அனுமதித்திருந்தார்கள். எதற்கு என்று பார்த்தால், மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை போன வண்டிக்கு. அதற்கு முந்தைய ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு எதிரே ஒரே வார்த்தை: 'பயணச்செலவு'. ஏனென்றால் பல பாலிசிகளில் ஆம்புலன்ஸ் என்றால் 'சாலையில் ஓடும் வாகனம்' என்று விளக்கம் எழுதியிருக்கிறது. ஏர் ஆம்புலன்ஸ் சேர்த்தி என்று சொல்லும் பாலிசிகளிலும் பெரும்பாலும் அது தனி விமானம்தான். முன் அனுமதி, உச்சவரம்பு எல்லாம் உண்டு. அதைவிடப் பல மடங்கு மலிவான பயணிகள் விமான ஸ்ட்ரெச்சர் அதில் வராது. லட்சக்கணக்கில் செலவாகும் வழியைச் சேர்த்துக்கொண்டு, குறைந்த செலவில் ஆகும் வழியைத் தள்ளிவிட்டதில் என்ன கணக்கு இருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடுத்த வரியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 'மண்டல மாற்றம் காரணமாக இணைச்செலுத்தல் 20 சதவீதம்: 84,000 ரூபாய்.'

இந்த மண்டலச் சமாச்சாரம் உங்களுக்குத் தெரியும், படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பல நிறுவனங்கள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. டெல்லி, மும்பை மாதிரி ஊர்களில் ஆஸ்பத்திரிச் செலவு அதிகம், அங்கே வசிப்பவருக்குப் பிரீமியம் அதிகம். சின்ன ஊர்க்காரருக்குக் குறைவு. ஆனால் சின்ன ஊர்க்காரர் பெரிய ஊரில் போய்ப் படுத்தால் பில்லில் ஒரு பங்கைத் தானே கட்ட வேண்டும்; அதுதான் இணைச்செலுத்தல். எந்த ஊர் எந்த மண்டலம் என்பது அந்தந்தக் கம்பெனியின் இஷ்டம். தஞ்சாவூர்க்காரர் உள்ளூரில் பார்க்க முடிந்த வைத்தியத்தை வசதிக்காகச் சென்னையில் பார்த்துக்கொண்டால் அவரிடம் ஒரு பங்கு கேட்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. உள்ளூரில் செய்யவே முடியாது என்று அரசு டாக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பியவரிடம் கேட்பதில் என்ன நியாயம்? அண்ணனுக்கு மண்டலத் தள்ளுபடியாக வருடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் மிச்சமாயிருக்கிறது. மூன்று வருடத்தில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். கட்டியது 84,000. பாலிசி விற்றபோது இதை 'உங்க ஊருக்கு ஸ்பெஷல் ரேட் சார்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதைப் பார்த்த பிறகுதான் நான் என் பாலிசிக்கு முகவரி மாற்றம் கொடுக்கக் கிளம்பினேன். ஏஜென்ட் ஒருவர் ரகசியம் சொல்வது போலச் சொன்னார்: "எதுக்கு சார் வம்பு? மெட்ராஸ் அட்ரஸையே போட்டு வைங்க. பொண்ணு அங்கதானே இருக்கு?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மெயின்லேண்டில் ஒரு சித்தப்பா வீட்டு முகவரி எல்லோருக்கும் உண்டு. ஆனால் நாளைக்கு கிளைம் வரும்போது, வசிக்கும் இடத்தை மறைத்தாய் என்று அதே கம்பெனி கேட்டால் நான் என்ன சொல்வேன்? உண்மை சொன்னால் இருபது சதவீதம் நஷ்டம், பொய் சொன்னால் நிம்மதி நஷ்டம். இப்படி ஒரு இக்கட்டில் ஆளை நிறுத்துவது உங்கள் நோக்கமாக இருக்க முடியாது.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. குறைந்த மண்டலத்தில் இருந்தாலும் கூடுதல் பிரீமியம் கட்டி மேல் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சில பாலிசிகளில் வசதி இருக்கிறது. கால் சென்டரில் நாலு பேரிடம் கேட்டேன்; நாலாமவருக்குத்தான் தெரிந்திருந்தது. மின்னஞ்சலில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். தீவுக்கு வரும் யோசனையில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அறை வாடகை உச்சவரம்பு, போனஸ் எல்லாம் அப்புறம். இதனால், ஒரு பெரிய தனியார் மருத்துவமனைகூடக் கண்ணுக்கெட்டாத ஊரில் உட்கார்ந்துகொண்டு பெருநகர பிரீமியம் கட்டுகிறேன்.

நடுவில் ஒரு வேடிக்கை. சர்க்கரை இருப்பதால் மருத்துவப் பரிசோதனை கேட்டார்கள். உங்கள் ஊரில் எங்களுக்கு டை-அப் லேப் இல்லை, சென்னைக்கு வந்து ரத்தம் கொடுங்கள் என்றார்கள். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம். அதிகாலையில் எழுந்து, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து, கடல் தாண்டிப் போய்க் கையை நீட்ட வேண்டும். மாட்டேன் என்றேன். இரண்டு வாரக் கடிதப் போக்குவரத்துக்குப் பின் உள்ளூர் லேப் ரிப்போர்ட்டையே ஏற்றுக்கொண்டார்கள். அதே லேப் முதல் நாளிலும் இருந்தது!

அரசுத் திட்டங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். ஏழைகளுக்கு ஆயுஷ்மான் பாரத் இருக்கிறது. 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல், வருமானம் பார்க்காமல், ஐந்து லட்சம் வரை உண்டு. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டில் நான் வருமானத்தாலும் வெளியே, இப்போது முகவரியாலும் வெளியே. சீக்கிரம் ஓய்வு பெற்றவன் ஒரு விசித்திரப் பிராணி: சம்பளக்காரனும் இல்லை, மூத்த குடிமகனும் இல்லை. 2047-க்குள் எல்லோருக்கும் காப்பீடு என்பது உங்கள் ஆணையத்தின் இலக்கு. 2047-ல் எனக்கு 71 வயது. அதற்கு ஒரு வருடம் முன்பே எனக்கு ஆயுஷ்மான் அட்டை வந்துவிடும். நீங்கள் சிரமப்பட வேண்டாம். நடுவில் இருக்கும் இருபது வருடத்தைத்தான் கேட்கிறேன்.

என்ன கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் அரசு மருத்துவமனை ரெஃபர் செய்து கடிதம் கொடுத்திருந்தால் மண்டல இணைச்செலுத்தல் கூடாது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் அரசு முத்திரை இருக்கிறது, ஏமாற்றுவது எளிதல்ல. ஆம்புலன்ஸ் என்ற சொல்லின் விளக்கத்தில் சாலையோடு நீரையும் வானத்தையும் சேருங்கள். நோயாளிக்கான பயணிகள் விமான ஸ்ட்ரெச்சர், தீவுகளுக்கு இடையிலான போட், இரண்டும் அதில் வரட்டும். உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2,000 ரூபாய் என்பது ஆட்டோவும் வேனும் ஓடும் ஊருக்கான எண். எல்லா நிறுவனமும் விற்றாக வேண்டும் என்று 2020-ல் நீங்கள் கொண்டுவந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியிலும் ஒரு அட்மிஷனுக்கு ஆம்புலன்ஸ் உச்சவரம்பு அதே 2,000தான்.

இன்னொன்று, இதற்கு யாருக்கும் காசு செலவில்லை. கேஷ்லெஸ் அனுமதிக் கடிகாரம் சென்னை மருத்துவமனை அனுமதி கேட்டு எழுதிய பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. ரெஃபர் கடிதம் கையில் வந்த நிமிடத்திலேயே தொடங்கட்டும். அண்ணன் விமானத்தில் இருந்த நேரத்தில் அந்த அனுமதி இரண்டு முறை வந்திருக்கும். அதற்குப் பதில், சென்னையில் இரவு பத்து மணிக்கு, ஸ்ட்ரெச்சரில் ஆளை வைத்துக்கொண்டு, ஐம்பதாயிரம் முன்பணம் கட்டச் சொன்னார்கள். மகன் மூன்று நண்பர்களிடம் ஜிபே வாங்கிக் கட்டினான். 'எந்த மருத்துவமனையிலும் கேஷ்லெஸ்' என்று 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு மன்றம் அறிவித்த ஏற்பாட்டில், திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும். ரெஃபர் என்பது திட்டமிட்டதா, அவசரமா? நாளைக்கே போ என்கிறார் டாக்டர். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு நாளுக்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

லட்சத்தீவுக்காரர்களுக்கும் இதே பாடுதான்; அவர்களுக்குச் சென்னைக்குப் பதில் கொச்சி. ராமேசுவரமும் தீவுதான், ஆனால் 1988-லேயே ரோடு பாலம் வந்துவிட்டது, 108 வண்டி நேராக மதுரைக்குப் போய்விடும். பாலம் போட முடியாத தீவுகளைத்தான் சொல்கிறேன். அந்தமானில் 2011 கணக்கெடுப்பில் நாலு லட்சத்துக்கும் குறைவான பேர். நிறுவனங்களுக்கு இது சந்தையே இல்லை என்பது தெரியும். சந்தை இல்லாத இடத்துக்காகத்தானே ஒழுங்குமுறை ஆணையம்? கிராமப்புறங்களில் இத்தனை பேருக்கு விற்றாக வேண்டும் என்று நிறுவனங்களுக்குக் கட்டாயம் வைத்திருக்கிறீர்கள். விற்பதற்குக் கட்டாயம் இருக்கிறது, விற்றது அந்த ஊரில் வேலை செய்யுமா என்று பார்க்கவும் ஒரு கட்டாயம் வையுங்கள்.

அண்ணன் இப்போது காலையில் நடக்கிறார். மாடியேற மட்டும் விடுவதில்லை. 84,000 ரூபாய்க்காக நிறுவனத்துக்கு எழுதினோம். 'பாலிசி விதிகளின்படி' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அடுத்தது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அந்தமானுக்கான அலுவலகம் கொல்கத்தாவில் இருக்கிறது, அதுவும் கடல் தாண்டித்தான். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் புகார் போக வேண்டும். எங்களுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. மனுவை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். செட்டில்மென்ட் கடிதம், ரெஃபர் கடிதம், விமான ரசீது மூன்றுக்கும் நகல் எடுத்தாயிற்று. அண்ணி பிளாஸ்டிக் கவரை என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இந்த மடலோடு அந்த மூன்று நகல்களையும் உங்களுக்கும் அனுப்புகிறேன், பெயரையும் பாலிசி எண்ணையும் மட்டும் மறைத்து.

இப்படிக்கு,
கராச்சர்மாவில் ஒரு வீட்டு மாடியிலிருந்து,
மேல் மண்டலப் பிரீமியம் கட்டும் ஒரு தீவுக்காரன்